ஜன்னலோர வெயில்

பேத்தி இருதய மருத்துவம் படிப்பாள் என்று வீடே காத்திருந்தது. அவளோ காது மூக்கு தொண்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். "போயும் போயும் இதையா எடுத்த?" என்று என் மகன் சலித்துக்கொண்டான். அவள் நெற்றி விளக்கை மாட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சம் திரும்பி என் கன்னத்தில் பட்டது.

1950களில், நான் சிறுமியாக இருந்தபோது, சூளகிரியில், களத்தில் விளையாடும்போது என் இடது காதில் ஒரு கொள்ளு போய்விட்டது. காதில் பூச்சி புகுந்தால் உப்புத்தண்ணீர் விடுவது எங்கள் வழக்கம். அம்மா கொள்ளுக்கும் அதையே செய்தார். பூச்சியானால் மிதந்து வந்திருக்கும். கொள்ளு ஊறிப் பருத்து அடைத்துக்கொண்டது. வீட்டிலோ தண்ணீரோடு அது வந்துவிட்டதாகவே நினைத்தார்கள். அதன்பின் இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. "எவ்ளோ திமிரு பாரு இவளுக்கு" என்று அம்மா கத்துவார்.

காதில் சீழ் வந்த பிறகுதான் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டருக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. அன்று கரண்ட் இல்லை. அவர் என் ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். நெற்றியில் கட்டியிருந்த வட்டக் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து என் காதுக்குள் விட்டார்.

"ஆடாத இரு கண்ணு."

சின்னக் கொக்கியால் கொள்ளை நெம்பி எடுத்து அம்மாவிடம் காட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு, "பின்னால நின்னு மெதுவா கூப்புடுங்கம்மா" என்றார்.

"ராணி..."

அம்மாவுக்கு அப்படியொரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மகன் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நான் நாற்காலியைப் பேத்தியின் பக்கம் இழுத்துப் போட்டு, இடது காதைத் திருப்பிக் காட்டினேன்.

"மொதல்ல என்னுத பாரு கண்ணு."