மாமாவுக்கு இங்கிலீஷில் என்ன?

என் தம்பி ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, சட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரோடு ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். அவன் அந்த நாட்டுக் குடிமகனாகி வெகுகாலம் ஆகிறது. யாருக்குப் போட்டான் என்று யாரும் கேட்கவில்லை, அவனே சொன்னான். மதுரையில் இருக்கும் சித்தப்பாக்கள் கட்டைவிரல் படம் போட்டுத் தள்ளினார்கள். அமீரகத்தில், புஜைராவில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்த என் மகள் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். யார் விட்டார்கள்?

எங்களுக்கு எங்கேயும் ஓட்டு என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. இங்கே நாங்கள் ரெசிடென்ஸ் விசாவில் இருப்பவர்கள். என் கணவருக்கு எண்ணெய் டேங்க் டெர்மினலில் வேலை இருக்கும்வரை இந்த ஊர், இல்லாவிட்டால் பெட்டி. மதுரையில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் தேர்தல் தேதிக்கு லீவு கிடைத்ததே இல்லை. ஓட்டுப் போடாதவர்களுக்குத்தான் தேர்தல் ஜுரம் கூடுதலாக அடிக்கும் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்க டிவியை அணைக்கவே இல்லை.

காரணம் இருந்தது. மகளுக்குப் பேசி முடித்திருந்த பையன் அமெரிக்காவில் வேலை விசாவில் இருந்தான். கல்யாணம் முடிந்ததும் அவளும் அங்கே போவதாகத் திட்டம். தம்பி ஓட்டுப் போட்ட ஆள் ஜெயித்ததும் மகள் குழுவில் எழுதினாள்: "இனிமே எங்க கதி என்ன மாமா?" அவன் பதில் உடனே வந்தது. "உன் மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. வந்தேறிங்களத்தான் அனுப்பப் போறாங்க."

என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், பாதி சொற்களுக்கு அர்த்தம் தெரியாது. போனை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"வந்தேறின்னா என்னப்பா?"

அவர் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஷூ லேஸைக் கட்டி முடித்துவிட்டுத்தான் சொன்னார். "பொழைக்க வந்து ஏறிக்கிட்டவங்க. நம்மள மாதிரி."

அன்றைக்கே அவள் குழுவை விட்டு வெளியேறினாள். பிறகு தம்பி எனக்கு போன் செய்து, காகிதம் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களைத்தான் சொன்னேன் என்று மன்றாடினான். அந்தத் தமிழ்ச் சொல் யாரிடமும் காகிதம் கேட்பதில்லை என்று நான் சொன்னேன். அவன் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டான். எனக்கும் கோபம்தான். அவன் மேலும், அந்தப் பதிலை எழுத வைத்த இவள் மேலும்.

நிச்சயதார்த்தத்தைப் புஜைராவிலேயே ஒரு ஹோட்டல் ஹாலில் வைத்திருந்தோம். பையனின் பெற்றோர் சென்னையிலிருந்தும், பையன் அமெரிக்காவிலிருந்தும் வருவதற்கு இதுதான் நடுவழி. தேதி நெருங்க நெருங்க ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் செய்தி. பையனின் கம்பெனி வக்கீல், இப்போதைக்கு நாட்டை விட்டு வெளியே போகாதே, போனால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன் என்றாராம். பையனின் அப்பா போனில் இழுத்தார். "கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு பாக்குறோம்மா." எவ்வளவு தள்ளி என்று கேட்டேன். புது ஜனாதிபதி பதவி முடிய நாலு வருஷம் என்பதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பையன்தான் வருகிறேன் என்று நின்றான். அவனுடைய விசா சரியாக இருந்தது, வேலை இருந்தது. சபையில் தான் இல்லாமல் நிச்சயம் வேண்டாம் என்றான். என் மகள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை, பயந்தாள். எனக்காக வந்து அவர் வாழ்க்கை போய்விட்டால் என்ன செய்வது என்று அழுதாள். அந்தப் பயம் எப்படியோ திரும்பி மாமாமேல் விழுந்தது.

"மாமா எனக்கு மாலை போடக் கூடாது."

எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் சபைக்கு வருவாள். எனக்கு இருப்பது ஒரே தம்பி. அவன் இல்லாமல் வேறு யாரைக் கூப்பிடுவது? "அவன் போட்ட ஓட்டுக்கும் மாலைக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கத்தினேன்.

"எனக்கு எல்லாமே சம்பந்தம்தான்மா. அவர் போட்டது என் லைஃப்மேலதான் போட்டாரு."

நான் இன்னும் உரக்கக் கத்தினேன்.

தம்பி வந்து இறங்கிய அன்று மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். அவனுக்குப் பிடித்த மீன்குழம்பு. மகள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். அவனுக்கும் வாய் சும்மா இருக்காது. வரிசையில் நின்று, கட்ட வேண்டியதைக் கட்டி, வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய குடியுரிமை தன்னுடையது என்றும், வரிசையை உடைத்து வந்தவனுக்கும் தனக்கும் ஒரே மரியாதையா என்றும் ஆரம்பித்தான். அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. அங்கே போன புதிதில் அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அந்த மேஜை இடம் இல்லை.

"வரிசையில நிக்கிறவங்களையும் சேத்துத்தான் மாமா தள்ளுறாங்க," என்றாள் மகள்.

"நியூஸ்ல வர்றதெல்லாம் நம்பாத. அந்த நாட்டப் பத்தி எனக்குத் தெரியாததா?"

என் கணவர் மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார். "மாப்ள, இங்க யலா, வாங்கிறாங்க, வர்றோம். கலாஸ், முடிஞ்சுதுங்கிறாங்க, போறோம். நம்ம ஊருன்னு நாங்க ஒருநாளும் நெனச்சதில்ல, அதனால எங்களுக்கு வலிக்காது. நீ நெனச்சிட்ட. அதான் அடுத்தவன் வந்தா ஒனக்கு எரியுது."

தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அக்கா வீட்டில் அவன் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. நான் பாத்திரங்களை எடுத்துவைத்தேன்.

நிச்சயம் நடந்தது. துபாயிலிருந்து வரவழைத்த மாலையை அவன் போட்டான். மகள் தலையைக் குனியவில்லை. அவளைவிட அவன் உயரம், அதனால் சபைக்கு ஒன்றும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்து வந்தவன் நடுவில் விட்டுவிட்டானா, இவள் உருவிக்கொண்டாளா என்பதும் எனக்குத் தெரியும். பையனுக்குத்தான் எல்லோரிடமும் நல்ல பெயர் எடுக்கும் ஆசை. என் தம்பி காலில் விழுந்து, "மாமா, நானும் உங்க ஃப்ளைட்லயே டிக்கெட் போட்டுக்குறேன். உங்ககூட வந்தா எனக்குக் கொஞ்சம் தைரியம்" என்றான். தம்பி அவனைத் தட்டிக்கொடுத்தான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அபுதாபியிலிருந்து அமெரிக்கா போகும் விமானத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அந்த நாட்டு இமிக்ரேஷன் சோதனை இங்கேயே, விமான நிலையத்துக்குள்ளேயே நடந்துவிடும். அவர்கள் ஆட்களே உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கதவைத் தாண்டினால் அமெரிக்கா, தாண்டாவிட்டால் திரும்பி எங்களிடம்தான் வர வேண்டும்.

விடிந்தும் விடியாமல் மலைப்பாதை வழியே கிளம்பினோம். காரில் பையன் போனில் ஏதோ அழித்துக்கொண்டே வந்தான். பழைய பதிவுகள், நண்பர்கள் அனுப்பிய கேலிப்படங்கள். ஒவ்வொன்றுக்கும் அவன் விரல் கொஞ்சம் தயங்கும், பிறகு அழுத்தும். முன் சீட்டில் இருந்த தம்பி கண்ணாடியில் அதைப் பார்த்தபடியே வந்தான்.

அவர்கள் உள்ளே போனதும் நாங்கள் மூவரும் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்தோம். வெகுநேரம் தகவல் இல்லை. மகள் பையனுக்கு அனுப்பிய செய்திகள் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றன. பிறகு என் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, நான் தாண்டி வந்துட்டேன். அவன இன்னும் விடல. தனி ரூம்ல ஒக்கார வெச்சுட்டாங்க."

"ஏன்டா? பேப்பர் எல்லாம் சரியாத்தான இருந்துச்சு?"

அவன் சொல்லத் திணறினான். பையனிடம் ஆபீசர், தனியாகவா போகிறாய் என்று கேட்டிருக்கிறார். இவன் நல்ல பிள்ளையாக, இல்லை, என் அங்கிளோடு போகிறேன், அவர் குடிமக்கள் வரிசையில் நிற்கிறார் என்று கையைக் காட்டியிருக்கிறான். நம் வாயில் மாமா என்று வருவதெல்லாம் இங்கிலீஷில் அங்கிள்தானே. எதிர்வீட்டுக்காரரும் அங்கிள், பஸ் கண்டக்டரும் அங்கிள். ஆனால் ஆபீசருக்கு அங்கிள் என்றால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கூடப்பிறந்தவர். அவர் எழுந்துபோய் அந்த வரிசையில் விசாரித்திருக்கிறார்.

"என்கிட்ட ஏற்கெனவே கேட்டிருந்தாங்கக்கா. கூட யாரும் வர்றாங்களான்னு. நான் யாரும் இல்ல, தனியாத்தான்னு சொல்லிட்டேன்."

"யாரும் இல்லன்னா சொன்ன?"

"எப்பவும் தனியாத்தானக்கா போறேன். வாய்ல வந்துருச்சு."

வாயில் வந்ததா, அந்த வரிசையில் நிற்கும்போது பையனோடு சேர்த்துப் பார்க்கப்படுவது பிடிக்கவில்லையா, மகள்மேல் இருந்த கோபமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதும் இல்லை. பையன் சொந்தம் என்கிறான், தம்பி யாரும் இல்லை என்கிறான், அப்படியானால் பையன் பொய் சொல்கிறான். ஆபீசரின் கணக்கு அவ்வளவுதான். வேறு என்னென்ன பொய் சொல்கிறான் என்று கிளற ஆரம்பித்துவிட்டார்கள்.

மகள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அவள் மாமாவோடு பேசி மாதக்கணக்காகியிருந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"மாமா, திரும்பிப் போங்க. போய் அவர் உங்களுக்கு யாருன்னு சொல்லுங்க."

"என்னன்னும்மா சொல்றது? அக்கா மகளக் கட்டிக்கப் போறவனுக்கு அவங்ககிட்ட வார்த்தையே இல்லையே. மொதல்ல சொன்னதுக்கு மாத்திச் சொன்னா என்னையும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

அவனுக்குப் பின்னாலிருந்து விமானத்தில் ஏறச் சொல்லும் அறிவிப்பு கேட்டது. அவன் நாலடி நடந்து விமானத்தில் ஏறினால் போதும், அவனுக்கு ஒரு குறையும் வராது. என் மகளின் கல்யாணம் அந்த நாலடியில் நின்றது. என் கணவர் எழுந்து நின்றுவிட்டார். நான் முருகா முருகா என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் இருந்த ஃபிலிப்பினோப் பெண் என் முழங்காலைத் தொட்டு, ஆர் யூ ஓகே என்று கேட்டாள்.

"வைக்கிறேன்" என்றான் தம்பி.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வரும் கதவு திறக்கும்போதெல்லாம் பையன் பெட்டியோடு வருகிறானோ என்று எட்டிப் பார்த்தேன். மகள் அந்தக் கதவைப் பார்க்கவே மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

போன் மறுபடி அடித்தபோது அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏறிட்டோம்மா. ரெண்டு பேரும்."

மகள் உடைந்து அழுதாள். என் கணவர் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான்தான் கேட்டேன், என்னடா சொன்னே என்று. விமானக் கம்பெனிப் பெண்ணைக் கெஞ்சி அந்த ஆபீசரிடமே திரும்பப் போனானாம். முதலில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றானாம். அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அவனையும் அந்த அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்களாம். நிச்சயத்தில் தான் மாலை போட்ட போட்டோவைக் காட்டி, இந்தப் பெண்ணை நான்தான் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், இந்தப் பையனுக்குத்தான் கொடுக்கப் போகிறேன் என்று விளக்கினானாம். அதைச் சொல்லும்போது அவன் குரல் சாதாரணமாக இல்லை.

"அந்த ரூம்ல இன்னொருத்தரும் இருந்தாருக்கா. நம்ம பக்கத்து ஆளு மாதிரிதான் இருந்தாரு. ஒரு ஃபைல மடியில வெச்சுக்கிட்டு. நாங்க கிளம்புறப்ப எங்களயே பாத்தாரு."

மகள் அழுகையை நிறுத்தினாள். "அவருக்காக யாரும் வரலையா மாமா?"

"ஃப்ளைட் கதவ மூடிட்டாங்கம்மா. எங்க வரிசையில ஒரு சீட்டு காலியா இருக்கு."

"அது அவரோடதா?"

"தெரியலம்மா," என்றான்.

அந்த நாட்டைப் பற்றித் தெரியவில்லை என்று என் தம்பி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.