கதவில் ஒட்டிய நோட்டீஸ்

2006-ஆம் வருடம், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருந்தது. சிவகாசியை ஒட்டிய எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், பட்டாசு ஆலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் இட்லி விற்கும் பெண்மணி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஒரு நாள் அவருடைய தள்ளுவண்டியைப் பேரூராட்சி ஆட்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டதற்கு, "நோட்டீஸ் குடுத்தாச்சு, நீதான் வண்டிய எடுக்கல" என்றார்களாம். சீசன் முடிவதற்குள் வண்டி வராவிட்டால் அந்த வருடப் பிழைப்பே போயிற்று.

நான் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். விதிகளை மனப்பாடமாகச் சொல்வேன். கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை. இப்படி ஒரு வழக்குக்கே காத்திருந்தவன் போலத் துள்ளிக் கிளம்பினேன். மனு எழுதி, நகல் எடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் தேதியும் வாங்கிவிட்டேன். அன்று காலை எனக்குக் கல்யாணத்துக்குக் கிளம்புகிற உற்சாகம். பஸ்ஸில் அந்தப் பெண், "சார், அந்த நோட்டீஸு..." என்று ஆரம்பித்தார்.

"நீ பேசாம வாம்மா. அங்கன வந்து எதையாச்சும் உளறிக் காரியத்தைக் கெடுத்துராத" என்றேன்.

நீதிபதி முன் பேரூராட்சி எழுத்தர் கோப்பை நீட்டினார். 'வீட்டில் ஆள் இல்லாததால் நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டது.' கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்து. எனக்குப் பழகிய வாக்கியம்தான். வெயில் காலத்தில் நாற்காலியை விட்டு எழாமலே நானும் அதை எழுதியிருக்கிறேன். ஆனாலும் விடவில்லை. பாதிக்கப்பட்டவரின் தரப்பைக் கேட்காமல் எடுத்த நடவடிக்கை செல்லாது என்று, விதி எண்களோடு கால் மணி நேரம் முழங்கினேன். அந்த ஒரு வரியை என்னால் அசைக்க முடியவில்லை.

நீதிபதி என்னைக் கையமர்த்திவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

அவர் தயங்கி என்னை ஒருமுறை பார்த்தார். "எங்க வீட்டுக்குக் கதவே கெடையாதுய்யா. சாக்குப் படுதாதேன் தொங்குது. இந்தா, சாரு பக்கத்து வீடுதேன், தெனமும் பாக்காக."

"சாக்குல எப்படிங்க ஒட்டுனீங்க?" என்று நீதிபதி கேட்டார். எழுத்தர் கோப்பைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

மறுநாளே வண்டி வந்துவிட்டது. முதல் ஈட்டு இட்லி எனக்குத்தான். "மூச்சு விடாமப் பேசுனீகள்ல, நல்லாச் சாப்பிடுங்க சார்" என்றார். அவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

ஒருவர் தரப்பைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று ஊருக்கே விதி சொன்ன நான், என் பக்கத்து சீட்டில் இருந்தவரை ஒரு வாக்கியம் முடிக்க விடவில்லை. இன்றும் யாருக்காவது மனு எழுத உட்கார்ந்தால், "நடந்ததை நீங்க சொல்லுங்க" என்று கேட்ட பிறகுதான் பேனாவின் மூடியைத் திறக்கிறேன்.