எண்ணெய் தடவிய மடிப்புகள்

எங்கள் வீட்டு புல்டாக் நாயின் முகத்தில் எத்தனை மடிப்பு என்று என் மனைவிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அவள் போய் மூன்று மாதம் வரை அதை எண்ணிப் பார்க்கவும் தோன்றவில்லை.

நான் ஆம்பூரில் ஒரு டேனரியில் செலக்‌ஷன் பார்க்கிறவன். பதப்படுத்தி வந்த தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, கையால் தடவி, முதல் ரகம், இரண்டாம் ரகம், ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. முப்பது வருடமாக இதுதான். மாடு உயிரோடு இருந்தபோது உண்ணி கடித்த இடம், முள்வேலி கீறிய இடம், அம்மை கண்டு ஆறிய இடம் எல்லாம் என் விரலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். இதனால் கம்பெனியில் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. எனக்குள் அதைவிட ஜாஸ்தியாகத் திமிர் உண்டு. டீயையும் கல்யாணச் சாப்பாட்டையும் சொந்தக்காரர்களையும்கூட ரகம் பிரிக்கிற கெட்ட பழக்கம் அப்படி வந்ததுதான்.

அந்த நாயை முதலில் பார்த்தபோது ரிஜெக்ட் என்றுதான் மனதுக்குள் முத்திரை குத்தினேன்.

முதலாளியின் பேரன் பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது அது. அதற்கு முன்பே கம்பெனி கேட்டில் கட்டி வைக்க என்று ஒரு மாஸ்டிஃப் நாய் வாங்கியிருந்தான். கன்றுக்குட்டி உயரம். அதைப் பார்த்தால் லாரி டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கமாட்டார்கள். உண்மையில் அது வாட்ச்மேன் காலில் சாய்ந்து நின்றுகொண்டு எச்சில் ஒழுகவிட்டதைத் தவிர வேறெதையும் செய்ததில்லை. பெரிய நாயாயிற்றே என்று ஆளுக்கொரு பக்கம் தின்னக் கொடுத்தார்கள். குட்டியிலேயே எடை ஏறி, வெறும் சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்து, இடுப்பு விழுந்து, ஆறு வயதில் செத்துப்போனது. நல்லபடி வளர்த்தாலே அந்த ஜாதிக்கு எட்டு, பத்து வருடம்தான் ஆயுளாம். அதன் பிறகு சின்னதாக ஒன்று போதும் என்று இந்த புல்டாக்கை எடுத்தான். வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஒரு வருஷம் பாத்துக்குங்க அங்கிள். வீட்டுக்குள்ள வச்சா தாத்தாவுக்குத் தொழுகைக்குக் கஷ்டம். ஆன்ட்டிக்கு வேற இதைப் புடிச்சிருக்கு, பாருங்க."

ஆன்ட்டிக்குப் பிடித்துவிட்டது, அதுதான் வினை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒரு வருடம் என்றவன் போய் மூன்று வருடம் ஆகிறது. எப்போதாவது போன் செய்து படம் அனுப்பச் சொல்வான், அவ்வளவுதான்.

"இன்னாங்க இது, நாயா பன்னியா?" என்று தெருவே கேட்டது. தோள் அகலம், இடுப்பு ஒல்லி, கீழ்த்தாடை முன்னால் துருத்தியிருக்கும், முகத்தின் மேல் யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி மூக்கு உள்ளே போயிருக்கும். குரைக்காது. உட்கார்ந்தபடியே குறட்டை விடும். அது காற்று விட்டால் வந்த விருந்தாளி காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்வார். நடக்கமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டால் யார் இழுத்தும் பயனில்லை. ஒருநாள் மாதனூர் பக்கமிருந்து வந்த ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு நேர் எதிரே நடுத்தெருவில் படுத்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடிக்க, உள்ளே இருந்த பெண்களெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சிரிக்க, என் மனைவி அந்த இருபத்தைந்து கிலோவையும் குழந்தை மாதிரி தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு மானம் போனது. அவளுக்கு ஒன்றும் போகவில்லை.

எல்லாவற்றையும் அவள் போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கழுத்தில் பட்டை கட்டக் கூடாது, மூச்சு முட்டும். மார்போடு சேர்த்துக் கட்டுகிற வார்தான் போட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இது தாங்காது; விடிந்ததும் விடியாததுமாக ஒரு நடை, அதோடு சரி. மதியம் ஃபேனுக்கு அடியில் ஈரக் கோணிப்பை. சோறு இரண்டு வேளை, அளந்துதான். அப்புறம் தினமும் காலையில் முகம் துடைப்பது. சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து, தண்ணீர்க் கிண்ணமும் பழைய காட்டன் புடவைத் துண்டு இரண்டும் வைத்துக்கொண்டு துடைப்பாள். இந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். நான் பத்தடி தள்ளி நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன்.

போன மார்கழியில் அவள் இறந்துபோனாள். மார்பில் கட்டி. கையில் தட்டுப்பட்டு ஏழு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள், என்னிடமும்தான். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் தோலைப் பார்த்தேன். மனுஷன் அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பதுதான் நிஜம். சம்மணமிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்து, அடுத்தவர் கால் மாதிரி இருக்குமே, நான் முழுசாகவே அப்படி இருந்தேன்.

நாய் அவளுடைய புடவைகள் இருந்த பீரோவுக்குப் பக்கத்தில், சுவரோரம் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் வராது. அதற்கு ஒரு பெயர் உண்டு, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டது அவள் மட்டும்தான். நான் "டேய்" என்பேன். தட்டில் சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், போய்விடுவேன்.

என் மனைவியின் அக்கா வாலாஜாபேட்டையில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவாள். "இன்னா தம்பி, நீயே ஒண்டிக்கட்டை. இதை வேற வச்சிக்கினு இன்னாத்துக்கு பேஜார்? கேக்கறவங்களுக்குக் குடுத்துடு" என்றாள். வேண்டாம் என்றேன். என் மனைவியின் கை தினமும் தொட்ட உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதையும் அனுப்பிவிட்டால் மிச்சம் நானும் பாத்திரங்களும். அந்த நாய் போகக் கூடாது, சாகவும் கூடாது. அந்த மூன்று மாதத்தில் எனக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே விஷயம் அதுதான்.

மாசி மாதத்தில் ஒருநாள் நாயின் மூக்குக்கு மேலே தோல் வறண்டு செதில் செதிலாக உரிவதைப் பார்த்தேன். மடிப்பின் ஓரமெல்லாம் வெடிப்பு. தோல் என்றால் எனக்குத் தெரியாததா? டேனரியில் தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க எண்ணெய் ஊட்டுவோம். எண்ணெய் சரியாக இறங்காத தோலை விரலால் தொட்டதுமே சொல்லிவிடுவேன். அன்றே தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தேன். நாயை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பையும் விரித்து, உள்ளே வரைக்கும் தாராளமாகத் தடவினேன். மறுநாளும் தடவினேன். மூன்று வாரம் விடாமல் தடவினேன். முகம் முதல் ரகம் மாதிரி மினுமினுத்தது. அவள் போன பிறகு நான் மனது வைத்துச் செய்த வேலை அது ஒன்றுதான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பங்குனியில் அக்கா வந்தாள். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா தம்பி, வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"டேனரி வாசனைக்கா. சட்டையில இருக்கும்."

"உன் டேனரி வாசனை எனக்குத் தெரியாதா? இது வேற."

எங்கள் தொழிலில் இருப்பவர்களின் மூக்கு அப்படித்தான். பச்சைத்தோல் குடோனில் நின்றுகொண்டே பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிப்போம். எனக்கு ஒன்றும் நாறவில்லை. அக்காதான் மூக்கைப் பிடித்தபடி வீடெல்லாம் தேடி, பீரோ பக்கத்தில் வந்து நின்றாள். "ஐயோ, இங்க வந்து பாரு" என்றாள். நாயின் இடது கண் மூடிக் கிடந்தது. மூக்கு மேல் மடிப்பை அவள் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். உள்ளே தோலே இல்லை. சிவந்த சதையும் சீழும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் இருந்தன.

வேலூருக்கு ஆட்டோ வைத்துக் கொண்டுபோனோம். பத்து மணி வெயிலுக்கே நாய்க்கு நாக்கு நீலம் பாய்ந்தது. ஐஸ் தண்ணீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றி அதன் வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே அக்கா வைத்துக்கொண்டே வந்தாள். என் கை சும்மா இருந்தது.

கால்நடை டாக்டர் மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரு எண்ணெய் தடவச் சொன்னது?"

"நான்தான் சார். தோல் காஞ்சி வெடிச்சிருந்துச்சு."

"என்ன வேலை பண்றீங்க?"

"டேனரில செலக்‌ஷன் சார்."

அவர் கையுறையைக் கழற்றினார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "செத்த தோலுக்குத்தாங்க எண்ணெய் வேணும். இதுக்கு மடிப்புக்குள்ள ஈரமே நிக்கக் கூடாது. தினம் துடைச்சு, காய விட்டாப் போதும். நீங்க எண்ணெய விட்டு மூடி வச்சிருக்கீங்க. உள்ளுக்குள்ளயே அழுகி, அந்த மடிப்பு கண்ணுல உரசி, கண்ணுல புண்ணாயிடுச்சு."

ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இந்த மாதிரி மூக்கு அமுங்கின ஜாதிக்கு மூச்சுக்குழல் குறுகல், மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பத்து நாள் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்போம், புண் ஆறாவிட்டால் வேறு வழியில்லை என்றார்.

திரும்பி வரும்போது என் விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முப்பது வருடம் செத்த மாட்டின் தோலில் ஊசிமுனை அளவு குறையைக்கூட விடாமல் பிடித்த விரல்கள். சொந்த வீட்டு நாய் முகத்தில் அழுகிக்கொண்டிருந்தது தெரியவில்லை. தினமும் அதே இடத்தில்தான் தடவிக்கொண்டிருந்தேன். உங்கள் மனைவியைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள் என்று அந்த டாக்டர் கேட்கவில்லை. ஏழு மாதம் அந்தக் கட்டி நான் படுக்கும் அதே பாயில் இருந்தது. எனக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை. ஆம்பூர் வரும்வரை ரோட்டைப் பார்த்தேன்.

கம்பெனியில் பத்து நாள் லீவு சொன்னேன். மனைவி இறந்தபோதுகூட அவ்வளவு லீவு போட்டதில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்ணில் சொட்டு. காலையும் மாலையும் டாக்டர் கொடுத்த மருந்தைப் பஞ்சில் நனைத்து மடிப்பைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பின்கட்டில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அங்கே வைத்துச் செய்தேன். நாய் திமிறும். முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தால்தான் முடியும். கண்ணைக் கீறிக்கொள்ளாமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு போய் பீரோவில் முட்டிக்கொண்டு நிற்கும். கரண்ட் போனால் கோணிப்பையை நனைத்துப் போட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது மூச்சு விடுகிறதா என்று வயிற்றைப் பார்ப்பேன். குறட்டை கேட்டால் எழுந்து போய் ஒரு வாய் சாப்பிடுவேன்.

பத்தாம் நாள் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணு தப்பிச்சிடுச்சு. ஒரு வெள்ளைப் புள்ளி நிக்கும், பரவாயில்ல. ஆபரேஷன் வேணாம். ஆனா துடைக்கிறதை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். சரி என்றேன். சந்தோஷம் என்று எதுவும் தனியாகத் தெரியவில்லை. ஆட்டோக்காரரிடம் மெதுவாகப் போகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலையிலிருந்து மருந்து கிடையாது, தண்ணீர் மட்டும்தான். அவள் வைத்திருந்த அதே கிண்ணத்தை எடுத்தேன். பரணில் அந்தப் புடவைத் துண்டுகள் துவைத்து மடித்து வைத்தபடியே இருந்தன. இரண்டை எடுத்துக்கொண்டேன். பின்கட்டுக்குப் போகச் சோம்பலாக இருந்ததால் சமையலறை வாசல்படியிலேயே உட்கார்ந்தேன். டேய் என்று கூப்பிடக்கூட இல்லை. பீரோ பக்கமிருந்து நகம் தரையில் படுகிற சத்தம் கேட்டது. நாய் தானாக எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தது.

வழக்கம்போல வலதுபக்கம் கையைக் கொண்டுபோனேன். முகத்தை இழுத்துக்கொண்டு இடதுபக்கத்தைக் காட்டியது. சரி என்று இடதைத் துடைத்தேன். பிறகு தானே வலதைத் திருப்பியது. அடுத்து மூக்கு மேல் மடிப்புக்காகத் தலையைத் தாழ்த்தியது. அதன் பிறகு தாடையைத் தூக்கிக் கொடுத்தது. பத்து நாளாக முழங்காலில் இறுக்கி நான் பட்ட பாடெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டே துணியைப் பிழிந்து எழப்போனேன்.

நாய் போகவில்லை. எழுந்து, முழுசாகத் திரும்பி, தன் பின்பக்கத்தை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றது. ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறாய் என்பது மாதிரி திரும்பி ஒரு பார்வை வேறு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுருட்டிக்கொண்டு கிடந்த அந்தத் துண்டு வாலைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டேன். அவள் போன நாளிலிருந்து சேர்ந்த அழுக்கு அதில் வந்தது.

இதையும் அவள் தினமும் செய்திருக்கிறாள். காபிக்கு முன்னால், மூன்று வருடம், உடம்பில் அந்தக் கட்டியோடு ஏழு மாதமும். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அது எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. ஒரு நாயின் பின்பக்கத்தைப் பார்த்து வாய்விட்டு அழுத ஆள் ஆம்பூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூன்று மாதத்து அழுகை, நிற்கவில்லை. கை பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தது.

நாய் அசையாமல் நின்றது. ஈரத்துணிக்கு அப்புறம் காய்ந்த துணி வரும் என்று அதற்குத் தெரியும்.