மணி அடிக்காத வார்டு

அந்த நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். நிதானமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு படித்து, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுப் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அதன் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

அவளுடைய எலும்பு முறிவு வார்டுக்கு ஒரு பெருமை உண்டு. மற்ற வார்டுகளில் நோயாளிகளின் அழைப்பு மணி ஓயாமல் அலறும். இங்கே மூச்சு விடாது.

"கேக்கறதுக்கு முன்னாடியே செஞ்சுடறோம். அப்புறம் மணி எதுக்கு?" என்பார் ஹெட் நர்ஸ். எக்ஸ்பிரஸும் அப்படித்தான் நம்பினாள், மாமியார் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வீட்டில் படுக்கும் வரைக்கும்.

மாமியார் கையில் எப்போதும் ஒரு கரண்டி. கட்டில் கம்பியில் தட்டினால் மருமகள் ஆஜராக வேண்டும். தலையணை நகர்ந்தால் டங். முகத்தில் வெயில் பட்டால் டங்.

"இப்பதானே வந்தேன், அத்தை!"

"அது தண்ணிக்கு. இது முதுகு அரிப்புக்கு. ரெண்டும் ஒண்ணாடி?"

முதுகைச் சொறிந்த கை சட்டென்று நின்றது. ஒரே ஒரு அத்தைக்கு இந்தக் கச்சேரி என்றால், ஒரு வார்டு நிறையக் கால் உடைந்தவர்கள் எப்படிச் சத்தமில்லாமல் கிடக்கிறார்கள்?

மறுநாள் அதிகாரிகள் வரும் நாள். ஒவ்வொரு வார்டின் கவனிப்பும் எப்படி என்று நர்ஸுகளையே கேட்கப் போகிறார்கள். மணி அடிக்காத வார்டில் ஒரு ஆளைக் குறைத்துவிடலாம் என்றும் பேச்சு அடிபட்டது.

வார்டுக்குள் நுழைந்ததும் எக்ஸ்பிரஸ் நேரே கட்டில்களுக்குப் போனாள். மணிப் பொத்தான் கோத்த ஒயர்கள் எல்லாம் தலைமாட்டுக்கு மேலே கொக்கியில் தொங்கின. தரை துடைக்கும்போது காலில் சிக்காமலிருக்க அப்படி மாட்டுவது வழக்கம். அவளே எத்தனையோ முறை மாட்டியிருக்கிறாள். திரும்ப இறக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. படுத்திருப்பவருக்கு அது எட்டவே எட்டாது!

ஓடி ஓடி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள்.

"இதை அமுக்கினா நீங்க வருவீங்களா?" என்றார் ஒரு லாரி டிரைவர். "லைட் சுவிட்சுன்னு நினைச்சிட்டிருந்தேன்மா!"

அமுக்கினார். அடுத்தவரும் அமுக்கினார். வார்டே அலறியது.

ஹெட் நர்ஸ் பதறி வந்தார். "இன்னிக்கா பாத்தே? படியேறி வந்துட்டிருக்காங்க. எல்லாத்தையும் மேல மாட்டு!"

"மாட்ட மாட்டேன்க்கா."

"மானத்தை வாங்காதேடி!"

"அக்கா, அந்த ஓரக் கட்டில்காரர் விடிஞ்சதிலிருந்து ஈரத் துணியில படுத்திருக்கார். தொந்தரவே தராத மனுஷன்னு நாமதான் அவரைப் பாராட்டிட்டிருந்தோம்."

ஹெட் நர்ஸ் ஓரக் கட்டிலின் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். அதற்குள் அதிகாரிகள் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

"ரொம்ப அமைதியான வார்டுன்னு சொன்னாங்களே?" என்று கேட்டார் அதிகாரிகளில் பெரியவர், காதைப் பொத்தாத குறையாக.

ஹெட் நர்ஸ் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"நேத்து வரைக்கும் அமைதிதான் சார். ஆனா கவனிப்பு நல்லா இல்ல. எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஆளைக் குறைக்காதீங்க. இன்னும் ரெண்டு பேர் வேணும்."

பெரியவர் என்னவோ கேட்க வாயெடுத்தார். எக்ஸ்பிரஸ் அதற்குள் ஓரக் கட்டிலுக்குப் போய்ப் புது விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவரைத் திருப்பணும், அந்தப் பக்கம் பிடிங்க!"

"வந்துட்டேன். சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வழி வேணும்."