புலிக் கம்பளிக்குள் ஒரு படகு மோட்டார்

"படிச்ச கையி கிரீசுல வழுக்கும்மா. நீ கவுண்டர்ல உக்காந்து வாஷர் எடுத்துக் குடு, போதும்."

பெரம்பலூரில் நான் வேலைக்குச் சேர்ந்த பம்புசெட் பட்டறையின் முதலாளி முதல் நாளே இப்படிச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ. கரும்பு வெட்டப் போகும் என் அப்பா, அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து சாமி படங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விபூதி வைக்கும்போது அதற்கும் ஒரு பட்டை போடுவார். திருநீறு பூசிய சான்றிதழின் சொந்தக்காரி வாஷர் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எட்டு மாதம் எடுத்துக்கொடுத்தேன். பிறகு ஒரு மார்கழியில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் போன் செய்தார். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர்கள் அத்தரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தபோது அவர் படகின் பின்னால் மாட்டும் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஏரியில் தண்ணீர் நிற்கும் இரண்டு மூன்று மாதம் ஒரு சின்ன ஃபைபர் படகில் அதை மாட்டிச் சுற்றுவார். அந்த வருஷம் அது கிளம்பவில்லை. வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் படகில் போக வருகிறார்களாம்.

"தண்ணிய மேல ஏத்துற மோட்டாருன்னா கேளு, சொல்றேன். தண்ணி மேல போற மோட்டாரு நான் தொட்டதில்ல" என்றார் அண்ணன்.

"நான் போறங்கண்ணே."

"சரி. ஓட வச்சிட்டா எஞ்சின் வேலை உனக்கு. இல்லன்னா கவுண்டரு. அப்பறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

வியாழக்கிழமை விடியற்காலையில் குட்டியானை வண்டியில் இருவரும் கிளம்பினோம். பனி மூட்டம். எங்கள் மாவட்டத்தில் மார்கழி வந்துவிட்டால் ஆம்பளைகள் எல்லோரும் ஏதோ இமயமலைக்குக் காவல் நிற்பவர்கள்போல் ஆகிவிடுவார்கள். அண்ணன் குரங்குக் குல்லாவும் அதற்கு மேல் ஒரு துண்டும் கட்டியிருந்தார். பாய் அவரைத் தோற்கடித்தார். ஸ்வெட்டர், மஃப்ளர், காலில் சாக்ஸ், சாக்ஸோடு ரப்பர் செருப்பு.

மோட்டார் கார் ஷெட்டில் ஒரு மரத்தாங்கியில் நின்றது. நின்றது என்று சொல்வதைவிடப் படுத்த படுக்கையாய்க் கிடந்தது என்றே சொல்லலாம். புலிப் படம் போட்ட வளைகுடாக் கம்பளி ஒன்றை அதன் தலையிலிருந்து கால்வரை சுற்றியிருந்தார்கள்.

"குளுருக்குத்தாம்மா" என்றார் பாய்.

"எங்க நிக்காஹ்வுக்கு வந்த கம்பளி அது" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார். "நான் இங்க போர்வையில நடுங்கிட்டுக் கெடக்கேன். அது புலிக்குள்ள தூங்குது."

இந்த மோட்டாரைத் தண்ணீருக்கு வெளியே ஓட்டக் கூடாது. கீழிருந்து தண்ணீரை உறிஞ்சித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். "ஆழமான பாத்திரம் ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டேன். பாய் பிரியாணி தேக்சாவைப் பார்த்தார். அவர் மனைவி பாயைப் பார்த்தார். நீல பிளாஸ்டிக் டிரம் வந்தது.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் கால் முங்கும்படி வைத்தோம். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, ஆயில் கலந்த புது பெட்ரோல் ஊற்றினேன். குளிரில் எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் போக வேண்டும். அதற்குச் சோக்கை இழுத்தேன். கயிற்றைச் சுண்டினேன். ஒன்றுமில்லை. இருபது தடவை சுண்டினேன். எனக்கு வேர்த்தது, அண்ணன் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து கிடந்தது. துடைத்து, தேய்த்து, சமையல்கட்டுக்கு எடுத்துப்போனேன். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் இடுக்கியால் பிடித்து பிளக்கைக் காட்டினேன்.

"இதயும் இறக்கிட்டுச் சொல்லு, டீத்தூளு போடுறேன்" என்றார் அந்த அம்மா.

சூடான பிளக்கை மாட்டி மூன்றாவது இழுப்பில் மோட்டார் உறுமியது. ஷெட் முழுக்கப் புகை. பாய் "மாஷா அல்லா" என்று இருமினார். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஓடும்போது பின்பக்கச் சின்னத் துவாரத்திலிருந்து ஒரு நூல் தண்ணீர் பீச்ச வேண்டும். உள்ளே தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஒரு சொட்டுகூட வரவில்லை.

உடனே அணைத்தேன். எழுந்து நின்று, கல்லூரியில் செமினார் கொடுத்த குரலில், "இம்பெல்லர் ஃபெயிலியர்" என்றேன். தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் அது. அதன் இதழ்கள் குளிரில் விறைத்து ஒடிந்திருக்கும் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். அண்ணன் குல்லாவைத் தூக்கிக் காதைக் காட்டிக் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் விளக்கினேன்.

பிறகு அடிப்பாகத்தைக் கழற்றினேன். கியர் ஆயிலையும் பார்த்துவிடலாம் என்று திருகைத் திறந்தேன். குளிரில் ஆயில் வெல்லப்பாகு மாதிரி மனசே இல்லாமல் இறங்கியது. பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சுத்தமாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து ரப்பர்ச் சக்கரத்தை வெளியே எடுத்தேன். ஆறு இதழும் அன்றைக்குப் பூத்ததுபோல் இருந்தன.

அண்ணன் டீயை மிக மெதுவாகக் குடித்தார்.

"பாய், இந்தப் பின்னாடி ஓட்டையில தண்ணி வருமே, எப்பலேருந்து வரல?" என்று கேட்டேன். வந்தவுடன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"அதுவா? அது ஒழுகுச்சும்மா. போன வருசமே சோப்பும் பஞ்சும் வச்சு அடைச்சிட்டேன். இப்ப ஒரு சொட்டு ஒழுகாது" என்றார். குரலில் அத்தனை பெருமை.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆழ்குழாய் போட்டும் புகை மட்டுமே வரும் ஊர்க்காரர்கள் நாங்கள். எங்கே எது ஒழுகினாலும் கை தானாகச் சோப்பையும் சைக்கிள் டியூபையும் தேடும். எட்டு மாதமாகக் கவுண்டரில் நான் விற்றதெல்லாம் ஒழுகலை நிறுத்தும் சாமான்கள்தான்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, புது கியர் ஆயில் ஏற்றினேன். துப்பட்டாவிலிருந்த ஊக்கால் துவாரத்தைக் குத்தினேன். மோட்டாரைக் கிளப்பியதும் முதலில் நுரை வந்தது, பிறகு குமிழிகள், சந்தன சோப்பு வாசனை. அப்புறம் பஞ்சுத் துண்டு ஒன்று தெறித்து, பின்னால் நின்ற அண்ணனின் வயிற்றில் பச்சைத் தண்ணீர் நேராகப் பீச்சியது. மார்கழிக் காலையில் அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் அவர் பாயின் லுங்கியைக் கட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினார். குரும்பலூர்க்காரர் ஒருவரின் எஞ்சின் பட்டறையில் பாதி பிரிந்து கிடந்தது. அதை இனி யார் மாட்டப்போகிறார்கள் என்பதுதான் என் மனதில் ஓடியது.

"தேவையில்லாமத்தான் கழட்டுனங்கண்ணே" என்றேன்.

"ஆமா. ஊக்குல முடியிற வேலை." கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்: "திருப்பி மாட்டுனதுல எத்தன நட்டு மிச்சம்?"

"ஒண்ணும் மிச்சமில்லங்கண்ணே."

"வாஷரு?"

"அதுவும் இல்ல."

"நான் மொதமொத மாட்டுன மோட்டாருல மூணு மிஞ்சுச்சு" என்றார். "நாளைக்கு அந்தக் குரும்பலூர் எஞ்சின எடுத்துக்க. கவுண்டருக்கு வேற ஆளப் பாக்குறேன்."

வெள்ளிக்கிழமை சம்பந்திமார் படகில் போனார்களாம். சம்பந்தியம்மா ஏரி நடுவில் அந்தத் துவாரத்தைப் பார்த்து, "ஒழுகுதே, அடைக்க மாட்டீங்களா?" என்று கேட்டாராம்.

கொள்ளிடக்கரையில் திருமானூர்ப் பக்கம், வெள்ளத்துக்கென்று வைத்திருக்கும் மீட்புப் படகுகளுக்கும் இதே மாதிரி மோட்டார்கள்தான். மழைக்காலம் முடிந்ததும் தார்ப்பாயைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அவற்றைக் குளிர்காலத்திலேயே பிரித்துப் பார்த்து வைக்க என்னை அனுமதிக்க வேண்டும் என்று ஒரு மனு எழுதினேன். "அரசாங்க மோட்டாரும்மா, நல்லா யோசிச்சுக் குடு" என்றார் அண்ணன். அவர் சொன்னது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமையே அரியலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று கொடுத்துவிட்டேன்.