கால் ஊன்றாத மாதங்கள்

எடையில்லாத இடத்தில் உடம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான். விண்வெளியில் காலுக்கு வேலையில்லை. தாங்கப் பாரம் இல்லையென்றால் எலும்பையும் சதையையும் உடம்பு மெல்ல மெல்லக் கரைத்துவிடும். அதனால்தான் அங்கே இருப்பவர்கள் பட்டையால் உடம்பைக் கட்டிக்கொண்டு தினமும் டிரெட்மில்லில் ஓடுகிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமை பிடிபடாது.

பெருமுக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் நிலத்தில் என் கணவர் டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். விழுப்புரத்தில் ஆபரேஷன். தினமும் வாக்கர் பிடித்து நடக்க வையுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் கண்டாச்சிபுரத்திலிருந்து நாத்தனார் சாத்துக்குடிப் பையோடு வந்தார். அண்ணன் வாக்கரோடு தள்ளாடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னா அண்ணி, நீங்க வேலைக்குப் போய்க்கினு எங்க அண்ணனை இப்பிடி நடக்க உட்டுட்டீங்களே!”

சுருக்கென்றது. வேலைக்குப் போகிற மனைவிக்கு இதைவிட வேறு பழி வேண்டுமா? அன்றே நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். சாப்பாடு, குளியல், எல்லாம் கட்டிலிலேயே. வாக்கரில் துண்டு காயப் போட்டேன்.

“மல்லாட்டை புடுங்குறாங்கம்மா, ஒரு தபா நெலத்துக்குப் போய்ட்டு வந்துடறேன்” என்பார், கடலை அறுவடை நாட்களில்.

“பேசாம படுங்க” என்று அதட்டுவேன். பார்க்க வந்தவர்களெல்லாம் என்னை மெச்சினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்குப் போனேன். அதே பாடம். ‘தாங்கப் பாரம் இல்லையென்றால்’ என்று போர்டில் எழுதியவள் பாதியிலேயே சாக்பீஸைக் கீழே வைத்தேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் கால்களைத் தரையில் இறக்கி வைத்து, “நில்லுங்க, நில்லுங்க” என்று கத்தினேன். முழங்கால் மடங்கி என்மேல் சரிந்தார். அதன்பின் பிசியோதெரபிஸ்ட் வந்து ஒரு வருஷம் பாடுபட்டார். சாய்ந்து உட்கார முடிகிறது. அவ்வளவுதான். படித்த முட்டாள் நான்.

போன வாரம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். என் கணவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் தூக்கி உட்கார வைத்தேன்.

“டீச்சரம்மா உங்கள நல்லா பாத்துக்கிறாங்க” என்றார் வந்தவர்.

“ஆமாங்க” என்றார் என் கணவர், முகமெல்லாம் சிரிப்பாக. “கால கீழ வைக்கவே உடலியே.”