மூன்றாம் முறை கூப்பிட்டது

என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வடக்கனந்தல் பக்கம் அவன் கட்டிய மாடி வீடு, கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு பூட்டப்பட்டுவிட்டது. போன வருஷம் போன் செய்தான். "வூடு பூட்டியே கெடந்தா பாழாப்பூடும் மாமா. அக்காவ இட்டுக்கினு வந்து நீங்களே இருங்க."

எங்கள் வீடு அதே ஊரின் மறுகோடியில், கரும்புக் கொல்லைக்கு முன்னால் இருக்கிறது. ஒரே அறை, ஒட்டினாற்போலச் சமையல்கட்டு, மேலே ஓடு. கட்டிலில் படுத்தால் அடுப்பு தெரியும். எந்த டப்பா திறக்கிறது என்ற சத்தத்தை வைத்தே அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிவிடுவேன். காலையில் கண்ணைத் திறக்காமல் தொண்டையைச் செருமினால் போதும், டீ வந்துவிடும். எனக்குச் சர்க்கரை வியாதி, தினமும் ஊசி உண்டு. ஒருமுறை ஊசி போட்ட பிறகு சாப்பிடத் தாமதமாகி, எனக்குப் பேச்சு குழறியது. சொல்ல வந்ததை முடிப்பதற்குள் என் மனைவி சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நின்றாள். இதையெல்லாம் ஒரு வசதி என்று நான் அப்போது நினைத்ததே இல்லை. டீக்கடையில் எல்லாரும் "உனுக்கு அடிச்சிது யோகம்" என்றார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் குடிபோனேன்.

மாடி வீட்டின் கூடம் பெரியது. அதன் நடுவிலிருந்து படிக்கட்டு மேலே போகும். வெளிப்பக்கமும் ஒரு படிக்கட்டு உண்டு. மாடி ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையை நாங்கள் அவிழ்க்கவில்லை. உட்கார்ந்து எழுந்த பிறகும் அது கொஞ்ச நேரம் மொறுமொறுத்துக்கொண்டிருக்கும், இன்னும் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல. நாம் பேசுவது ஆளில்லாத அறைகளுக்கெல்லாம் போய்விட்டு, தாமதமாக, வேறொரு பக்கத்திலிருந்து திரும்பி வரும். வந்த சில நாளிலேயே இருவரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தோம். யாருக்குப் பயந்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு சாயங்காலம் நான் கரும்புக் கொல்லையிலிருந்து திரும்பி வந்து கேட்டைத் திறந்தேன். அவள் வாசலுக்கு வந்து என்னையே பார்த்தாள்.

"இப்பத்தான் வர்றீங்களா?"

"ஆமா. ஏன்?"

"இவ்ளோ நேரம் உங்ககூடத்தான் பேசிக்கினு இருந்தேன். உள்ள இருந்து உம் உம்முன்னு கேட்டுக்கினுதான் இருந்தீங்க."

நான் சிரித்தேன். நான் என்றைக்கு நீ சொல்வதையெல்லாம் உம் கொட்டிக் கேட்டேன், அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பிறந்தது மலை அடிவாரத்து ஊர். அங்கே உச்சி வேளையிலும் விளக்கு வைக்கிற நேரத்திலும் யாராவது கண்ணில் படாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டால், உடனே 'என்ன' என்று கேட்கமாட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டால்தான் ஆள். முனி ஒரு முறையோ இரண்டு முறையோதான் கூப்பிடும் என்பார்கள். எங்கள் ஓட்டு வீட்டில் அவள் அதைக் கடைப்பிடித்து நான் பார்த்ததில்லை, அங்கே கண்ணில் படாமல் யார் இருக்க முடியும்? அன்றைக்குச் சொல்லிவிட்டாள். "இனிமே இந்த வூட்ல மூணு தடவ கூப்புடுங்க. அப்பத்தான் வருவேன்."

அது ஐப்பசி மாதம். உச்சி நேரத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு வண்டியில் கொல்லைக்குக் கிளம்பினேன். சாப்பாட்டைத் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. கேட்டைத் தாண்டியதும் மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. மாடி ஜன்னல்கள் திறந்து கிடந்தன. வண்டியை நிறுத்தி, போனை அதன் பெட்டியிலேயே விட்டுவிட்டு, வெளிப்பக்கத்துப் படிக்கட்டு வழியாகவே மாடிக்குப் போனேன். நான் திரும்பியது அவளுக்குத் தெரியாது.

கடைசி அறையில் ஜன்னலைச் சாத்தும்போது வேர்த்துக் கொட்டியது. கீழே விழுந்த பிறகுதான் விழுந்தது தெரிந்தது. சமையல்கட்டில் அவள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கூடத்துப் படிக்கட்டு வழியே தெளிவாகக் கேட்டது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

பாத்திரச் சத்தம் நின்றது.

கேட்டுவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தது. ஆனால் அவள் வரவில்லை. குழாயையும் மூடிவிட்டாள். என் குரல் மட்டும் கீழே ஏதோ ஓர் அறைக்குள்ளிருந்து மெதுவாகத் திரும்பிக் கேட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் கொல்லையில் இருக்கிறேன் என்று நினைக்கிறாள். ஈரக் கையோடு அசையாமல் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். இன்னும் இரண்டு முறை நான் கூப்பிட வேண்டும்.

இரண்டாவது முறை எப்படியோ கூப்பிட்டேன். வீடு முழுக்க அமைதி. அவள் எனக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைக் கண்டே பயந்துகொண்டிருந்தாள். செத்துப்போவேன் என்பதைவிட அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. மூன்றாவது முறைக்கு நாக்கு புரளவில்லை. தொண்டையில் எச்சில் அடைத்தது. செருமினேன்.

படிக்கட்டில் ஓடிவரும் சத்தம் கேட்டது. சர்க்கரைத் தண்ணீரைக் கையிலேயே கொண்டுவந்திருந்தாள். என் தலையை மடியில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். பாதி என் சட்டையில்தான் கொட்டியது.

பேச்சு வந்ததும் கேட்டேன். "நாந்தான்னு எப்பிடித் தெரிஞ்சி வந்த?"

"மூணு தடவயும் கூப்பிட்டீங்களே. ஆனா மூணாவது தோட்டத்துக் கதவாண்ட கேட்டுது. கொரலு கொழறுதேன்னு சக்கரத் தண்ணியக் கலக்கிக்கினு கதவத் தொறக்கத்தான் போனேன். அதுக்குள்ள மேல நீங்க செருமனீங்க. கொரல் யாரு வேணா குடுக்கலாம். அந்தச் செருமல் உங்களுது."

நான் இரண்டு முறைதான் கூப்பிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வாரமே வீட்டைப் பூட்டிச் சாவியை மைத்துனனின் மாமனாரிடம் கொடுத்துவிட்டு எங்கள் ஓட்டு வீட்டுக்கு வந்தோம். டீக்கடையில் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்றார்கள். ஓட்டில் ஒரு இடத்தில் ஒழுகுகிறது, அதன் கீழே ஒரு குண்டான் வைத்திருக்கிறோம். எனக்கு அந்தச் சத்தமும் வேண்டியிருக்கிறது.

வந்த புதிதில் ஒரு மத்தியானம் கட்டிலில் படுத்தபடி அவளை ஒரே ஒரு முறை கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து உடனே "இன்னாங்க?" என்றாள்.

"மூணு தடவ ஆவலியே?"

கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க உங்களத் தவுர யாரு இருக்காங்க?"